பயிர்க்காவலும் காட்டிறைச்சியும்: வேட்டையைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் முடிவெடுக்கும் முறை

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து செல்பவர்களுக்குப் புள்ளிமான் அன்றாடக் காட்சி. அதைக் கொல்வதைப் பற்றி நினைக்கவே அவர்களுக்கு மனம் வராது. ஆனால் அதே மாவட்டத்தில் மூதூர், ஈச்சிலம்பற்று, கந்தளாய்ப் பக்கங்களில் பெரும்போக நெல் கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் செய்யும் அழிவைப் பார்த்தவருக்குக் கேள்வி வேறு விதமாக எழுகிறது. இவ்வழிகாட்டி வயல் செய்யும் கிறிஸ்தவருக்கும், காட்டிறைச்சி வாசலுக்கு வரும்போது என்ன சொல்வதென்று தயங்கும் குடும்பத்துக்கும், இவ்விடயத்தைச் சபையில் பேச வேண்டிய பொறுப்பில் இருப்பவருக்கும் எழுதப்பட்டது. வெருகல் வரையுள்ள கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன என்பதையும், வேட்டையை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த அம்மக்களின் மரபை நகரத்தில் இருந்துகொண்டு எளிதாகத் தீர்ப்பிட முடியாது என்பதையும் முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் வேதாகமப் பகுதிகளை வரிசையாக வாசியுங்கள். ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்தால் எந்தப் பக்கத்துக்கும் வாதாடலாம். ஆதியாகமம் 1:29இல் மனிதனுக்குக் கொடுக்கப்படும் உணவு விதையும் கனியுமே. இறைச்சிக்கான அனுமதி வெள்ளத்துக்குப் பின்னர் 9:3இல் வருகிறது. அதற்கு அடுத்த வசனமே உயிராகிய இரத்தத்தோடு உண்ணக்கூடாது என்று எல்லை போடுகிறது. லேவியராகமம் 17:13 வேட்டையாடுபவரை நேரடியாகப் பார்த்துப் பேசுகிறது: உண்ணத்தக்க மிருகத்தையோ பறவையையோ பிடிப்பவர் அதன் இரத்தத்தைச் சிந்தி மண்ணால் மூட வேண்டும். உபாகமம் 22:6, 7 கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும் தாய்ப் பறவையைப் பிடிக்கத் தடை விதிக்கிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேட்டை தடுக்கப்படவில்லை என்பதும், கொல்பவர் தாம் கொன்ற உயிருக்கு முன்னால் நின்று ஒரு கடமையைச் செய்ய வேண்டியவராக இருக்கிறார் என்பதும் தெளிவாகின்றன. பேதுருவின் தரிசனத்தில் வரும் "அடித்துப் புசி" என்ற சொல்லை வேட்டைக்கான அனுமதிச்சீட்டாகக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அப்போஸ்தலர் 10:28இல் பேதுருவே அதன் பொருளை மனிதரைப் பற்றியதாக விளக்கிவிடுவதால் அந்த வாதம் நிற்காது.

திருச்சபை மரபும் இதே திசையில்தான் செல்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2417ஆம் எண் உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்கிறது; 2418ஆம் எண் தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு குருக்கள் வேட்டையில் ஈடுபாடு கொள்வதைத் தடுத்ததோடு, ஆரவாரத்தோடு நடக்கும் வேட்டையை அவர்களுக்கு முற்றாகவே மறுத்தது. வேட்டைக்காரரின் பாதுகாவலராகப் போற்றப்படும் புனித உபெர்த்துவின் மரபுக் கதையிலும் மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டவர் மனம் மாறுகிறார்.

அடுத்தது சட்டம். ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ வாசிக்கும் ஒருவர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைப் புறக்கணித்துவிட்டு விசுவாசத்தைப் பற்றிப் பேச முடியாது. மான், மரை, அழுங்கு, உடும்பு, கடலாமை ஆகியவை பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பொறுத்தவரை மேலும் யோசிக்க ஒன்றுமில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியின் நிலை வேறு. அதிலும் துவக்குக்கு உரிமம் இருக்கிறதா, நிற்கும் நிலம் உங்களுடையதா அல்லது ஒதுக்கப்பட்ட காடா, இறைச்சியைக் கொண்டுசெல்வதையும் விற்பதையும் பற்றிய விதி என்ன என்பனவற்றை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பன்றியைக் கொன்ற பிறகு கேட்பதில் பயனில்லை.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: எதைக் கொண்டு, எப்படிக் கொல்வது? நம் மாவட்டத்தில் பெரும்பாலான தீங்கு நேர்நின்று சுடுபவரால் வருவதில்லை. கயிற்றில் இடறினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு, கம்பிச் சுருக்கு, தீனிக்குள் வைக்கும் வாய்வெடி, வயலைச் சுற்றி இழுக்கப்படும் மின்கம்பி ஆகியவற்றால்தான் வருகிறது. இவை நான்குக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: உயிர் போகும் நேரத்தில் கொல்பவர் அங்கே இருப்பதில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டி நாட்கணக்கில் துடிக்கிறது. தீனிக்குள் மறைத்த வாய்வெடியைக் கடித்த யானைக்குட்டி தாடை சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினியால் சாகிறது. கட்டுத்துவக்கின் கயிற்றில் விறகு பொறுக்கப் போனவரின் கால் படுகிறது. யாத்திராகமம் 21:33, 34இல் ஒரு விதி இருக்கிறது. குழியை வெட்டி மூடாமல் விட்டவர், அதில் மாடோ கழுதையோ விழுந்தால், உடையவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். விழச் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்று அந்த விதி கேட்பதே இல்லை. நான் இவ்விடயத்தில் வேறு எந்த வசனத்தையும்விட இதற்கே அதிக எடை கொடுக்கிறேன். "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்ற பதில் அந்த விதியின் முன் செல்லாது. ஆகவே இவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் இன்றே போய் அகற்ற வேண்டும், வைத்த இடம் மறந்திருந்தால் அயல் வயல்காரரையும் கூட்டிச் சென்று தேட வேண்டும்.

சுடத்தான் வேண்டும் என்று வந்துவிட்டால், பரணில் இருந்து, தெளிவாகத் தெரியும் தூரத்தில், பின்னால் வீடோ பாதையோ மாட்டுப்பட்டியோ இல்லை என்று உறுதி செய்த பிறகே சுடுங்கள். குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் இடியன் துவக்கில் குறி துல்லியமாக அமையாது, இரண்டாவது வெடிக்கு மருந்து கெட்டிக்க நேரமும் பிடிக்கும் என்பதால், காயப்பட்டு ஓடும் விலங்கு அதில் மிகுதி. குட்டிகளோடு வரும் பெண்பன்றியை விட்டுவிடுங்கள். தாய்ப் பறவையைப் பற்றிய உபாகமத்தின் விதி பறவைக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. காயப்பட்டதை இரத்தத் தடம் பார்த்துத் தேடி முடிப்பது உங்கள் வேலை. இருட்டில் தனியாகத் தேடுவது ஆபத்து என்றால் விடிந்ததும் துணையோடு போங்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள். குடித்துவிட்டுக் கூட்டமாகப் போவதைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

உரித்து வெட்டும் வேலையை மக்கள் குளிக்கும் குளக்கரையிலோ கிணற்றடியிலோ செய்யாதீர்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் அயலில் வாழும் நம் ஊர்களில் பன்றியை வெளிப்படையாகத் தூக்கிச் செல்வதும் தவிர்க்க வேண்டியதே, 1 கொரிந்தியர் 8:13 சொல்லும் இடறல் இதுதான். இறைச்சியை உள்ளே சிவப்பு நிறம் மிஞ்சாமல், 71 பாகை செல்சியஸ் உட்சூடு வரும்வரை வேகவையுங்கள். காட்டுப்பன்றியில் இருக்கக்கூடிய டிரைக்கினெல்லா புழு, உப்பிட்டு உலர்த்துவதாலும் புகையில் வாட்டுவதாலும் நிச்சயமாகச் சாவதில்லை. எதையும் எறியாதீர்கள்; தான் வேட்டையாடியதைச் சமைக்காத சோம்பேறியை நீதிமொழிகள் 12:27 கண்டிக்கிறது.

வேட்டையாடாத குடும்பங்களுக்கு உள்ள சோதனை வேறு. இரவில் ஒருவர் பையில் இறைச்சி கொண்டுவந்து, மரை என்றோ மான் என்றோ மெதுவாகச் சொல்லி, குறைந்த விலை கேட்பார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கி உண்ணலாம் என்ற 1 கொரிந்தியர் 10:25ஐ அப்போது நினைவுபடுத்த வீட்டிலேயே ஒருவர் இருப்பார். பவுல் அங்கே பேசுவது விக்கிரகத்துக்குப் படைத்திருக்கக்கூடிய, சந்தையில் வெளிப்படையாக விற்ற இறைச்சியைப் பற்றி. மூன்று வசனங்கள் தள்ளி, ஒருவர் வந்து உண்மையைச் சொல்லிவிட்டால் உண்ணாதே என்றும் அவரே சொல்கிறார். வாசலில் நிற்பவரோ உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் விற்கிறார். "வேண்டாம் தம்பி, இனி இங்கே கொண்டு வராதீர்கள்" என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். பிரசங்கம் தேவையில்லை. பன்றி இறைச்சி என்றால் அது எப்படிப் பிடிபட்டது என்று கேளுங்கள், சுருக்கு என்றால் அதே பதிலைக் கொடுங்கள். உறவினர் அன்போடு அனுப்பும் பங்கை மறுப்பதுதான் உண்மையில் கடினம். அதற்கு இறைச்சி வரும் நாளுக்குக் காத்திராமல், ஒரு சாதாரண நாளில் போய் உட்கார்ந்து பேசுவதே வழி.

சபையில் பேசப்போகிறவர் வயல்காரரை முதலில் பேச விடுங்கள். ஒருவருடைய நெல்லுக்கு என்ன நடக்கும் என்று கேட்காமல் கம்பியைக் கழற்றச் சொல்லும் சபைக்கு அவர் செவிகொடுக்க மாட்டார், கொடுக்க வேண்டிய நியாயமும் இல்லை. யார் யாருடைய வயல் காட்டு விளிம்பில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். கமநல சேவை நிலையத்தில் வேலிக்கு என்ன உதவி கிடைக்கும் என்று விசாரித்து வர ஒருவரை நியமியுங்கள். கதிர் முற்றும் வாரங்களில் வாலிபர் சங்கத்தினர் இருவர் இருவராகப் பரணில் முறைக்காவல் இருக்கவும், தகரமும் விளக்கும் கொண்டு விலங்கைத் துரத்தவும் அட்டவணை போடுங்கள். கம்பியைக் கழற்றச் சொல்லும் பேச்சை அந்த அட்டவணை நிரம்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.