அப்பாவின் வீட்டுக்கு வங்கி நோட்டீஸ்: என் அனுபவம்

அண்ணனின் கடைக்கடனுக்கு அப்பா தக்கலை வீட்டை ஈடு வைத்திருந்தார். தவணை பாக்கி 90 நாள் தாண்டியதும் வங்கி அதை வாராக்கடன் ஆக்கிவிடும். ஈடு வைத்த சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில், 60 நாளில் பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வந்தால் கையெழுத்திட்டு வாங்குங்கள். மறுத்தாலும் கெடு ஓடும்.

60 நாளுக்குள் ஆட்சேபணையை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வட்டிக் கணக்கின் தவறுகளைத் தேதிவாரியாக எழுதினோம். வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டியதும் நாகர்கோவில் சிவில் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். சர்ஃபேசி சட்டத்தின் பிரிவு 34 அதைத் தடுக்கிறது. போக வேண்டியது மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயம், 45 நாளுக்குள். முழுப் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான்.

நாங்கள் வங்கியோடு ஒரே தவணைத் தீர்வு, அதாவது ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிக் கடனை முடிப்பது பற்றிப் பேசினோம். தொகை, தேதி, நடவடிக்கை கைவிடல் மூன்றும் எழுத்தில் வந்தபிறகே பணம் கட்டினோம். வாய்வார்த்தையை நம்பவே கூடாது.

கடன் தீர்ந்தால் 30 நாளில் மூலப்பத்திரம் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரசீதுப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும்.

அப்பாவின் அரசு ஓய்வூதியத்தைக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. ஈடு வைத்த வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை.