மாரிக்கு மீன்பிடி றீலை எடுத்து வைக்கும்போது ட்ராக்கை மறக்காதீர்கள்

கார்த்திகையில் வாடைக்காற்று பலத்துவிட்டால் மட்டக்களப்பு கல்லடிக் கரையில் தூண்டில் றொட் பிடிப்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோவார்கள். முகத்துவாரம் திறந்து, வாவித் தண்ணீர் கலங்கலாகக் கடலுக்கு ஓடும். றொட்டில் நூல் சுற்றும் றீல் வீட்டு மூலைக்குப் போனால் மாசிக்குத்தான் மறுபடி வெளியே வரும். கடலில் தாக்குப்பிடிக்கும் றீல் பல வேளை இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் கெடுகிறது. அதிலும் முதலில் போவது ட்ராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அறுக்கவிடாமல் இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பகுதி.

ஒருமுறை மாரி கழிந்து முதல் நாளே நல்ல பாரை ஒன்று கொத்தியது. ஓடத் தொடங்கிய மீனுக்கு ட்ராக் நூல் விடவில்லை. ஒரு கணம் கல்லாக நின்றது, பிறகு வெடுக்கென்று விட்டது, மறுபடி நின்றது. தங்கூசி நூல் அறுந்துபோனது. நாவலடியில் றீல் திருத்தும் மாமா ஒருவரிடம் கொண்டுபோனேன். ட்ராக்கை இறுக்கும் குமிழைக் கழற்றியவர், "என்ன மகன், மாரி முழுக்க இறுக்கியா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த வாசர், குமிழுக்குக் கீழே இருக்கும் வட்டத் தட்டு, கம்பளித்துணி போலப் பஞ்சாக இருக்க வேண்டியது. அது அப்பளமாகத் தட்டையாகி, மேல்பக்கம் பளபளத்து, உலோக வாசரோடு ஒட்டிக்கிடந்தது.

ட்ராக் வேலை செய்வதே இந்த வாசர்கள் ஒன்றோடொன்று உரசுவதால்தான். குமிழை இறுக்கினால் அவை நெருக்கப்படும், மீன் நூல் இழுப்பது கடினமாகும். மாதக்கணக்கில் அப்படியே நெருக்கி வைத்தால் பஞ்சு வாசரில் ஊறியிருக்கும் கிறீஸ் வெளியே பிதுங்கிவிடும், வாசர் பழைய தடிப்புக்குத் திரும்பாது. கார்பன் வாசர் இவ்வளவு சீக்கிரம் நசுங்காது, ஆனாலும் தளர்த்தி வைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலை விரலால் தட்டினால் தானாகச் சுழலும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். குமிழை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள், தொலைந்துபோகும். லீவர் ட்ராக் றீல் என்றால் லீவரைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்துவிடுங்கள்.

தளர்த்த வேண்டும் என்று தெரிந்தவர்களும் வரிசையில் பிழை விடுகிறார்கள். முதலில் தளர்த்திவிட்டுக் கழுவினால் உப்புத்தண்ணீர் நேரே வாசருக்குள் போய்விடும். ட்ராக்கை இறுக்கிவைத்துக்கொண்டுதான் கழுவ வேண்டும். அதுவும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி. ஹோஸ் பைப்பால் வேகமாக அடிப்பதும் வாளிக்குள் அமிழ்த்துவதும் உப்பை உள்ளே தள்ளும் வேலை. அப்புறம் துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, கடைசியாகத் தளர்த்துங்கள்.

எண்ணெய் விடயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே, தையல் மெஷின் எண்ணெய், வீட்டுத் தேங்காய் எண்ணெய் எதுவும் ட்ராக் வாசரில் படக்கூடாது. பஞ்சு வாசருக்கு ட்ராக்குக்கென்று விற்கும் கிறீஸை மெல்லியதாகப் பூசலாம். கார்பன் வாசரில் சில உலர்ந்த நிலையிலேயே ஓடுபவை, அதனால் றீலோடு வந்த தாளைப் பாருங்கள்.

தூசி படக்கூடாது என்று பொலித்தீன் பைக்குள் கட்டி வைப்பதும் வேண்டாம். மாரிக் காலத்து ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். பழைய பருத்தித் துணிப்பை நல்லது.

மாசியில் வெளியே எடுத்ததும் நேரே கடலுக்குப் போகாதீர்கள். குமிழை இறுக்கி, மீன் நிறுக்கும் தொங்கு தராசை நூல் முனையில் கட்டி இழுத்துப் பாருங்கள். நூல் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ட்ராக் விட வேண்டும். 10 கிலோ தாங்கும் நூலுக்கு ஏறக்குறைய 3 கிலோ. தராசு முள் துள்ளித் துள்ளி ஏறினால் வாசரைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். சரி, கழற்றும்போது எந்த வாசருக்குப் பிறகு எது வருகிறது என்று ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் புது வாசர் போட்டும் ட்ராக் ஒழுங்காகப் பிடிக்காது.