கல்லு ஒட்டணுமா? மொதல்ல ஈரத்தைப் பாருங்க

எங்கூட்டு பொடக்காணியில துவைக்கிற கல்லு மூலை ஒடைஞ்சு போச்சுங்க, எபாக்சி (ரெசின், ஹார்டனர்னு ரெண்டு பாகமா வர்ற பசை, ரெண்டையும் கலந்தா கெட்டியாகும்) போட்டா இரும்பாட்ட நிக்கும்னு அன்னைக்கே கழுவி ஒரு மணி நேரம் வெயில்ல வெச்சு ஒட்டிட்டேன், பத்தே நாள்ல மூலை கையோட வந்திருச்சு. பசை கல்லுல புடிக்கவே இல்ல, வழுவழுன்னு உரிஞ்சு வந்துச்சு. கருங்கல்லு மேல காஞ்சாப்ல தெரிஞ்சாலும் உள்ள ஈரம் நிக்கும், அதுக்கு மேல சாதாரண எபாக்சி புடிக்காது. ரெண்டு மூணு நாளாவது காய வெச்சுட்டு பொறவு ஆரம்பிங்க.

ஒட்டுற முகம் ரெண்டையும் கிரைண்டர்ல டயமண்ட் கப்பு (வைரத்தூளு பதிச்ச தேய்க்கற சக்கரம்) போட்டு சொரசொரன்னு பண்ணிக்கோணும், பாலிஷ் மேல ஒட்டுனா நிக்காது. குவார்ட்ஸ்னு விக்கற செயற்கைக் கல்லுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கல்லுத்தூளு, மீதி பாலியஸ்டர் ரெசின், அதனால பசையை உறிஞ்சறதுக்கு ஓட்டையே இல்ல, கட்டாயம் தேய்க்கோணும். தேய்க்கறப்ப வர்ற தூசி நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதிங்க, தண்ணி ஊத்தி தேய்ங்க, என்95 மாஸ்க் போடாம உக்காராதீங்க. பொறவு மறுபடியும் காய வெச்சு, வெள்ளைத் துணியில அசிட்டோன் தொட்டு துணியில அழுக்கு வராத வரைக்கும் துடைக்கோணும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப வாசல்ல வெச்சு ஒட்டாதீங்க, துடைச்ச எடத்துல உடனே தூசி படிஞ்சுரும்.

கலக்குற எடத்துல தான் கல்லு வேலை பாக்குறவங்களே தப்பு பண்றாங்க. பாலியஸ்டர் மாஸ்டிக்ல (கல்லு ஒட்டற இன்னொரு வகைப் பசை) ஹார்டனர் சித்த கூட போட்டா சீக்கிரம் புடிக்கும், அந்தப் பழக்கத்துல எபாக்சிலயும் கூட ஊத்துவாங்க. இது அப்படி இல்லீங்க, டப்பாவுல ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா ஒண்ணுக்கு ஒண்ணு தான், எடைக் கணக்கா அளவுக் கணக்கான்னும் பாத்துக்கோங்க. கூடப் போனா கடைசி வரைக்கும் பிசுபிசுன்னே கெடக்கும். நெறம் ஒண்ணாகுற வரைக்கும் நல்லா கலக்கோணும், கொஞ்சங்கொஞ்சமா கலக்குங்க, கப்புல மொத்தமா கலக்குனா அதோட சூட்டுலயே கெட்டியாயிரும், ஓட்டுத்துண்டு மேல பரப்பி வெச்சா இன்னும் கொஞ்ச நேரம் கெடைக்கும். அதே கல்லோட தூளை சேத்தா கோடு தெரியாது. கையில படக்கூடாதுங்க, க்ளவுஸ் போடுங்க, சிலருக்கு அலர்ஜி வந்தா பொறவு எபாக்சி பக்கமே போக முடியாது.

ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, ரெண்டு பக்கமும் லேசா தடவி அழுத்துங்க. ரொம்ப இறுக்கிக் கட்டுனா பசை பூரா வெளிய வந்துரும், உள்ள ஒண்ணும் மிஞ்சாது. பிதுங்குனதை அரைகுறையா கெட்டியானதும் பிளேடுல சீவுங்க. 24 மணி நேரம் தொடாதீங்க, முழு பலம் வர ஒரு வாரம் ஆகும்.

வெள்ளை மார்பிள் வெயில்ல இருந்தா எபாக்சி மஞ்சளாயிரும். அடுப்பு ஓரத்துக்கும் நம்பாதீங்க, 60 டிகிரி தாண்டுனாலே சாதாரண எபாக்சி இளக ஆரம்பிச்சுரும். அம்மி, ஆட்டுக்கல்லுல மாவு படுற எடத்துல வேண்டவே வேண்டாம்.

அந்தத் துவைக்கிற கல்லை நாலு நாள் காய வெச்சு, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு எட்டு எம்எம் ஸ்டெயின்லெஸ் கம்பி ரெண்டு வெச்சு ஒட்டுனேன், துணி அடிக்கற அடி பூராவும் இப்ப கம்பி தாங்குது.