லக்ஸிலிருந்து ஈ.வி.க்கு: மூன்று எண்கள் போதும்

கைத்தொலைபேசியின் ஒளிமானிச் செயலி வெளிச்சத்தை லக்ஸ் எனும் அலகில் சொல்கிறது. கமராவுக்குத் தேவைப்படுவதோ ஈ.வி. எனும் ஒளியேற்ற எண். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் எண்) 100இல் 2.5 லக்ஸ் என்றால் ஈ.வி. 0. வெளிச்சம் இரட்டிக்க இரட்டிக்க எண் ஒவ்வொன்றாக ஏறும். மடக்கை வாய்ப்பாடு எதற்கு? 80 லக்ஸ் 5, 2,560 லக்ஸ் 10, 81,920 லக்ஸ் 15 என்று மனனம் செய்துகொண்டால் இடைப்பட்டவற்றை விரல்விட்டே எண்ணிவிடலாம்.

நுவரெலியாப் பக்கத் தேயிலை மலையில் பனிமூட்டம்; செயலி 10,000 காட்டுகிறது என்று வையுங்கள். 2,560, 5,120, 10,240: இரண்டு படி ஏறியாயிற்று, ஆக ஈ.வி. 12. அதற்குப் பொருந்தும் ஓர் அமைப்பு: லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் நேரம் 1/125 செக்கன். அளக்கும்போது கொழுந்து பறிப்பவரின் முகத்தருகே, தொலைபேசியின் திரைப்பக்கம் கமராவை நோக்கியிருக்க வேண்டும். வானத்தைக் காட்டினால் எண் வீணாக எகிறும். விழும் ஒளியை அளப்பதால் மூட்டத்தின் வெண்மை கணக்கைக் கெடுக்காது. கமராவின் உள்மானியை அப்படியே நம்பினால் அந்த வெண்மை சாம்பலாகத்தான் பதிவாகும்.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் அறைக்குள் 80 லக்ஸ்தான் என்றால் எஃப் 2இல்கூட 1/8 செக்கன், கை ஆடிவிடும். டிஜிட்டல் கமராவில் ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்கினால் நான்கு படி கிடைத்து 1/125க்கு வந்துவிடலாம். மலிவான தொலைபேசிகளின் உணரியை முழுதாக நம்ப வேண்டாம். நெகட்டிவ் ஃபிலிம் என்றால் ஒரு படி கூடுதல் ஒளி விழும்படியே வையுங்கள்.