டாக்டர் ‘ஒன்றுமில்லை’ என்ற பிறகும் பயம் போகாதவர்களுக்கு

உடம்பில் புதிதாக ஏதோ ஒன்று தொடங்கியிருக்கிறது. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. பயப்படும்படி எதுவும் இல்லை என்று அவரும் சொல்லிவிட்டார். ஆனாலும் ராத்திரி படுத்ததும் கை அந்த இடத்துக்கே போகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது இடது கெண்டைக்கால் சதையில் துடிப்பு. தோலுக்கு அடியில் புழு நெளிவது போல இருக்கும். கண்ணாலேயே பார்க்க முடியும். பிறகு தொடையில், இமையில், கட்டைவிரல் மேட்டில் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. உங்களுக்கு அது தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருக்கலாம். நெஞ்சு திடீரென்று ஒரு துடிப்பைத் தவறவிட்டது போல இருக்கலாம். தலை மிதப்பது, கை மரத்துப்போவது, பெயர் சொல்லத் தெரியாத ஒரு வலி, எதுவாகவும் இருக்கலாம். அறிகுறி வேறாக இருந்தாலும் பயம் நகரும் விதம் ஒன்றுதான். அதனால் என் கெண்டைக்காலை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு முறை, ஒழுங்காகக் காட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு ‘எல்லாம் மனசுதான்’ என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. நீங்களும் கட்டக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று ஒரு பக்கம் கை கால் பலமிழப்பது, முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, மயக்கம், மூச்சுத் திணறல், ரத்தம் போவது என்றால் கட்டுரை படிக்க வேண்டிய நேரமில்லை அது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற அறிகுறிகளுக்கு, போவதற்கு முன் ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது அதிகமாகிறது, எப்போது மறந்துபோகிறது, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள், தூக்கம் எப்படி, காபி எவ்வளவு. தாளின் கடைசி வரியில் நீங்கள் பயப்படும் நோயின் பெயரை எழுதுங்கள். நம்மில் பலர் அறிகுறியை விலாவாரியாகச் சொல்லிவிட்டு இந்தப் பெயரை மட்டும் விழுங்கிவிடுவோம். சொன்னால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். சொல்லாவிட்டால், அவர் அந்த நோயை யோசித்துத்தான் இல்லை என்றாரா என்ற சந்தேகம் வீடு வரும் வழியிலேயே முளைத்துவிடும். நான் தாளைப் பார்த்துப் படித்தேன்: “எனக்கு ஏஎல்எஸ் இருக்குமோன்னு பயமா இருக்கு டாக்டர்.” தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழிந்துபோகும் நோய் அது.

அதைச் சொன்ன பிறகு நடந்த பரிசோதனையே வேறு மாதிரி இருந்தது. குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். முழங்காலில் சுத்தியலால் தட்டினார். நாக்கை அசையாமல் வைக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கெண்டைக்காலையும் கையால் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் எதற்காகப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்தார். தைராய்டு, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: “எது வந்தால் நான் திரும்ப வரணும்?” என் டாக்டர் சொன்ன பதிலைத் தாளின் பின்பக்கம் அங்கேயே எழுதிக்கொண்டேன். கால் தரையில் இழுபடுவது, முன்பு செய்த வேலையைக் கை செய்ய முடியாமல் போவது, சதை கண்ணுக்குத் தெரியும்படி வற்றுவது, பேச்சோ விழுங்குவதோ மாறுவது. துடிப்பு இடம் மாறுவதும், ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைவதும் அந்தப் பட்டியலில் இல்லை. இனி எப்போது மருத்துவமனைக்குப் போவது என்பதை அந்தப் பின்பக்கம் தீர்மானிக்கும். நள்ளிரவில் பயந்துபோன மனம் தீர்மானிக்க வேண்டியதில்லை.

ஒன்றுமில்லை என்றால் ஏன் நிற்கவில்லை?

அறிகுறி கற்பனை கிடையாது. சதை உண்மையாகவே துடிக்கிறது. நெஞ்சு உண்மையாகவே படபடக்கிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். நமக்கே தெரியாமல் மூச்சையும் வேகமாக வாங்குவோம். அப்படி வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, ரத்தம் சற்றுக் காரத்தன்மை பக்கம் போகிறது, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் அயனிகள் குறைகின்றன. விளைவு, நரம்புகள் சும்மாவே கிளர்ந்துவிடும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசைத் துடிப்பு, தலை லேசாவது எல்லாம் இதிலிருந்தே வரும். ஆக, எந்த அறிகுறியைக் கண்டு பயப்படுகிறோமோ, அதே அறிகுறியைப் பயமே கூட்டிவிடுகிறது.

இன்னொன்று கவனம். இப்போதே செய்து பாருங்கள். வலது உள்ளங்காலில் மட்டும் இரண்டு நிமிடம் கவனத்தை வையுங்கள். கதகதப்பு, குறுகுறுப்பு, மெல்லிய துடிப்பு என்று ஏதாவது ஒன்று தெரிய வரும். இரண்டு நிமிடத்துக்கு முன்னாலும் அது அங்கேதான் இருந்தது, நீங்கள் கேட்கவில்லை. ஒரு கெண்டைக்காலை நாள் முழுக்க இப்படிக் கவனித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சோதித்துப் பார்ப்பதை நிறுத்துவது எப்படி

இதுதான் கஷ்டமான பகுதி, பலனும் இங்கேதான் அதிகம்.

நீங்கள் எதையெல்லாம் சோதிக்கிறீர்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்து எழுதுங்கள். என் பட்டியல் இது: பல் தேய்க்கும்போது இடது காலில் மட்டும் நுனிக்காலில் எழும்பி நிற்பது, அளவு நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளப்பது, செல்போன் வெளிச்சத்தில் நாக்கைப் பார்ப்பது, சட்டைப் பொத்தானை இடது கையால் மட்டும் போடுவது. தொண்டை பயம் உள்ளவர் திரும்பத் திரும்ப எச்சில் விழுங்கிப் பார்ப்பார். இதயம் பற்றிய பயம் என்றால் விரல் நாடியிலேயே இருக்கும். கழுத்துக் கட்டி பயம் உள்ளவர் அதே இடத்தை அமுக்கிக்கொண்டே இருப்பார்.

இந்தச் சோதனைகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒற்றைக் காலில் எழும்பி எழும்பி இறங்கினால் கெண்டைக்கால் களைத்துப்போகும். களைத்த சதை கூடுதலாகத் துடிக்கும், கனக்கும். அந்தக் கனத்தை நான் பலவீனம் என்று எடுத்துக்கொண்டேன். உடனே உறுதி செய்துகொள்ள இன்னொரு தடவை எழும்பத் தோன்றும். அளவு நாடாவும் அப்படித்தான். யாருக்கும் இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது. நாடாவைக் கொஞ்சம் மேலே பிடித்தால் ஓர் அளவு, கீழே பிடித்தால் வேறோர் அளவு. எச்சிலை வேண்டுமென்றே விழுங்கிக்கொண்டே இருந்தால் யாருக்கும் தொண்டை இறுகும். கழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கும், வீங்கக்கூடச் செய்யும்.

ஒரேயடியாக விட முடியாது. பட்டியலில் இருப்பதிலேயே எளிதான ஒன்றை எடுங்கள். சோதிக்கத் தோன்றும்போது ‘கூடாது’ என்று சண்டை போடாமல், ‘சரி, கால் மணி நேரம் கழித்து’ என்று தள்ளிப் போடுங்கள். அந்தக் கால் மணி நேரம் கைக்கு வேலை கொடுங்கள்: துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, ஏதாவது. தவிப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். அது தானாக இறங்குவதை உடம்பு ஒரு முறை அனுபவித்துவிட்டால் அடுத்த முறை தள்ளிப் போடுவது கொஞ்சம் சுலபம். கால் மணி அரை மணியாகட்டும், பிறகு மாலை வரை போகட்டும். நான் அளவு நாடாவைத்தான் முதலில் விட்டேன். நுனிக்கால் சோதனை கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

தேடுவது

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களான ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் அறிகுறிகளை இணையத்தில் தேடும் பழக்கத்தை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். சாதாரண அறிகுறியைத் தேடத் தொடங்குபவர்கள் எப்படி அரிதான, கடுமையான நோய்களின் பக்கங்களுக்குப் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் விஷயம். இணையத்தில் ஒரு நோயைப் பற்றி எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்பதற்கும் அது எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. இமை துடித்து அடங்கிய கோடிக்கணக்கானவர்கள் அதைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை.

தசைத் துடிப்புக்குப் பயந்து வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துடிப்பு மட்டும் இருந்து, பரிசோதனையில் வேறு எந்தக் கோளாறும் தெரியாத 121 பேரை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ஏஎல்எஸ் வரவில்லை. இதைப் படித்ததும் நிம்மதி வரும். நாளைக்குத் திரும்ப வந்து படிக்கத் தோன்றும். அப்போது படிக்காதீர்கள். இரண்டாம் முறை படிப்பது தகவலுக்காக இருக்காது, அளவு நாடாவை எடுப்பது போன்ற இன்னொரு சோதனையாகவே இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது

“அக்கா, இது ஒண்ணுமில்லையே?” என் அக்கா பொறுமைசாலி. ஒவ்வொரு முறையும் “ஒண்ணுமில்லடி” என்பாள். அந்த நிம்மதி ராத்திரி வரைகூடத் தாங்காது. நோய் பற்றிய பயத்தை ஆராய்ந்த பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் இருவரும் 1986-லேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆறுதல் கேட்பது அப்போதைக்குப் பயத்தைக் குறைக்கும், நாளடைவில் பயத்தை வளர்க்கும். ஆறுதல் சொல்பவரின் அன்பில் குறையில்லை. எத்தனை முறை சொன்னாலும் ‘இந்த முறை நிஜமாக இருந்தால்?’ என்ற கேள்வி மட்டும் மிச்சம் நிற்கும்.

அதனால் பயம் அடங்கியிருக்கும் ஒரு நேரத்தில் உட்கார்ந்து, கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இருவரும் முன்கூட்டியே பேசிவையுங்கள். நாங்கள் பேசிவைத்தது இது: நான் கேட்டால் அக்கா, “அதைப் பத்தி டாக்டர் சொல்லியாச்சு. இப்ப ரொம்பப் பயமா இருக்கா? என்கூடப் பேசிட்டு இரு” என்பாள். நோயைப் பற்றிய பதில் கிடையாது, துணைக்கு ஆள் உண்டு. முதலில் கோபம் வந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்ததும் அந்தத் துணைதான். பேசிவைக்காமல் வீட்டார் திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தக் கூடாது, அது கைவிட்டது போல இருக்கும்.

ராத்திரி

இருட்டில், அமைதியில், வேறு எதுவும் இல்லாதபோது உடம்பின் சத்தம் பெரிதாகக் கேட்கும். படுக்கையில் யோசித்துத் தீர்க்க முயலாதீர்கள். மாலையில் ஓர் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, அப்போது உட்கார்ந்து தாளில் எழுதிக் கவலைப்படுங்கள். ராத்திரி வரும் கவலையிடம் ‘நாளைக்கு மாலை’ என்று சொல்லலாம். செயற்கையாகத் தோன்றும், செய்து பாருங்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். பெரிய பெரிய மூச்சாக இழுக்க வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். செல்போன் இன்னோர் அறையில் இருக்கட்டும்.

காபியைக் குறைப்பதும் ஒழுங்காகத் தூங்குவதும் துடிப்புக்கும் படபடப்புக்கும் நேரடியாகவே உதவும். பயத்தால் நிறுத்திவிட்ட நடை, மாடி ஏறுவது, விளையாட்டு எதுவானாலும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குங்கள். சும்மா உட்கார்ந்தே இருந்தால் உடம்பு உண்மையிலேயே தளர்ந்துபோகும்.

இதற்கும் மேல் போனால்

வேலை, தூக்கம், வீட்டாருடனான பேச்சு எல்லாவற்றையும் இந்தப் பயம் மாதக்கணக்கில் பிடித்துவைத்திருந்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. மேலே நான் சொன்ன பலவும் அதன் வழிமுறைகள்தான். சிலருக்கு மருந்தும் உதவும். போனால் அறிகுறி பொய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமோ என்று தயங்க வேண்டாம். மூட்டுவலி உள்ளவருக்கும் பயத்துக்குச் சிகிச்சை தேவைப்படலாம்.

ஒரு பயம் அடங்கியதும் வேறொன்று கிளம்பலாம். எனக்குத் துடிப்பு பின்வாங்கியதும் தலைவலி வந்தது. அப்போதும் முறை இதேதான்: புதுத் தாள், ஒரே ஒரு டாக்டர், கடைசி வரியில் நோயின் பெயர், பின்பக்கம் ‘எது வந்தால் திரும்ப வரணும்’. முடிந்தவரை அதே டாக்டரிடமே போங்கள். டாக்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார், பரிசோதனைகள் பெருகும். அவற்றில் ஏதாவது ஒன்றில் யாருக்கும் இருக்கக்கூடிய ஒரு சின்ன வித்தியாசம் தெரியவரும், அதற்கு ஒரு புதுப் பயம் தொடங்கும். உங்களுக்கு உடம்பைப் பற்றிய பயம் இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். திரும்ப வரும் தேதியை அவரே குறித்துக் கொடுக்கட்டும், நன்றாக இருந்தாலும் அந்தத் தேதியில் போய்ப் பாருங்கள்.