சேவ் அழுத்தியும் பதியாத மல்லி: டேட்டா பைண்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் மென்பொருள்களுக்குத் திரைகள் அமைக்க உதவும் மைக்ரோசாஃப்ட் கருவி) கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் போன் வந்தது. கடைசியாகப் பதிந்த 12 கிலோ மல்லி கணக்கில் இல்லை. “சத்தியமா சேவ் அழுத்தினேன்ணே” என்றார் கணக்கெழுதும் தம்பி. அவர் அழுத்தியது உண்மைதான். தவறு என் கோடில் இருந்தது.

திரையில் உள்ள பெட்டிகளைத் தரவோடு இணைப்பதுதான் டேட்டா பைண்டிங். இதில் டெக்ஸ்ட்பாக்ஸும் டேட்டாபேஸும் நேரடியாக இணைந்திருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். நடுவில் இரண்டு படிகள் உண்டு. தட்டிய எண் முதலில், திரைக்கும் தரவுக்கும் இடைத்தரகரான பைண்டிங்சோர்ஸிடம் வரும். அங்கிருந்து கணினி நினைவகத்தில் உள்ள டேட்டாடேபிளுக்குப் போகும். டேபிள்அடாப்டர் எடுத்து எழுதினால்தான் டேட்டாபேஸில் ஏறும்.

தம்பி விலைப் பெட்டியில் கர்சர் நிற்கும்போதே, மேலே டூல்ஸ்டிரிப்பில் இருக்கும் சேவ் பட்டனை அழுத்தியிருக்கிறார். அந்தப் பட்டன் ஃபோகஸை வாங்காது, அதாவது கர்சர் விலைப் பெட்டியை விட்டு நகராது. ஃபோகஸ் நகராவிட்டால் வேலிடேஷன் (தட்டியதைச் சரிபார்ப்பது) நடக்காது, தட்டிய விலையும் பெட்டியிலேயே நின்றுவிடும். அது போக, புதிய வரி ஒன்று டேபிளில் சேர வேண்டுமென்றால் அடுத்த வரிக்கு நகர வேண்டும், இல்லையென்றால் கோடில் எண்ட்எடிட் (திருத்தத்தை முடித்துவைக்கும் கட்டளை) கூப்பிட வேண்டும். முந்தைய வரிகளெல்லாம் ஒழுங்காக இருந்து கடைசி வரி மட்டும் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சேவ் பட்டனில் முதலில் ஃபார்மின் வேலிடேட், அப்புறம் எண்ட்எடிட், அதற்குப் பிறகே அப்டேட். விஷுவல் ஸ்டூடியோ தானாக எழுதித் தரும் கோடிலும் இதே வரிசைதான். முதல் இரண்டு வரிகள் எதற்கென்று புரியாமல் நான் நீக்கியிருந்தேன். தயவுசெய்து நீங்கள் நீக்காதீர்கள்.

சேவ் ஆனதா என்று திரையில் வரிகளைக் காட்டும் கிரிட்டைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. கிரிட் காட்டுவது டேட்டாடேபிளைத்தான். மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் பதிவுகள் காணாமல் போனால், புராஜெக்டில் உள்ள எம்டிஎஃப் கோப்பின் (டேட்டாபேஸ் இருக்கும் கோப்பு) ‘காப்பி ஆல்வேஸ்’ அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு பில்டிலும் பழைய கோப்பு வந்து புதியதன் மேல் உட்கார்ந்துவிடும்.

இரண்டு காம்போபாக்ஸுக்கு (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி) ஒரே பைண்டிங்சோர்ஸைக் கொடுக்காதீர்கள். ஒன்றில் முல்லையைத் தேர்ந்தால் மற்றதும் முல்லைக்கு மாறும். ஆளுக்கொன்று கொடுத்தால் சரியாகிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் பூவின் பெயரைத் தமிழில் பதிகிறீர்களா? அந்தப் பெயருக்கான நெடுவரிசை (column) என்வார்சார் (nvarchar) வகையாக இருக்கட்டும். யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமிக்கும் முறையைத் தீர்மானிக்கும் அமைப்பு) இல்லாத வார்சார் (varchar) வகையில் ‘பிச்சி’ வெறும் கேள்விக்குறிகளாகப் பதியும். பிறகு நெடுவரிசையின் வகையை மாற்றினாலும் அந்தப் பெயர் திரும்ப வராது, ஒவ்வொன்றாகக் கையால்தான் தட்ட வேண்டும்.