ஆம்ப்பும் ஸ்பீக்கரும் வாங்கியாச்சு, ஒயர் எப்படி இழுப்பது?

ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், பாட்டுக்கு டிவியோ சிடி பிளேயரோ கம்ப்யூட்டரோ. இவ்வளவுதான் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் "எந்த கேபிள் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் ஸ்பீக்கர் எங்கே நிற்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். அப்போதுதான் ஒயரின் நீளம் தெரியும். நீளம் தெரிந்தால்தான் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் இடம்

நீங்கள் உட்காரும் இடமும் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணமாக வரட்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் காதுக்கும் அதே 2 மீட்டர். மேலே இருக்கும் சின்னக் குமிழ், அதாவது ட்வீட்டர், உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வர வேண்டும். ஸ்பீக்கரை மூலையில் ஒதுக்கி வைக்காதீர்கள். இரண்டு சுவரும் சேர்ந்து பேஸை, அதாவது தாழ்ந்த கனமான ஒலியை, ஊதிப் பெருக்கும், பாடுபவரின் குரல் அதற்குள் அமுங்கிப் போகும். பின்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

ஸ்பீக்கர் ஒயர்

இதில்தான் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள். ஒயரின் மின்தடை, ஸ்பீக்கரின் பின்னால் போட்டிருக்கும் ஓம் அளவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக 5, வர 5, ஆக 10 மீட்டர் செம்பு. 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் இதன் தடை ஏறக்குறைய 0.35 ஓம். 8 ஓமுக்கு ஒப்பேற்றலாம், 4 ஓமுக்குப் போதாது. 1.5 ஸ்கொயர் எம்எம் எடுத்தால் 0.12 ஓம்தான், எதற்கும் கவலையில்லை. 4 ஓம் ஸ்பீக்கரை 10 மீட்டர் தள்ளி வைத்தால் மட்டும் 2.5-க்குப் போங்கள். இந்த அளவுகளுக்கு மேல் கேபிளுக்குக் கொடுக்கும் காசு காதுக்கு வந்து சேராது. அதை நல்ல ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒயர் முழுக்க காப்பராக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயரும் கடையில் அதே நிறத்தில், விலை குறைவாகக் கிடைக்கும். அலுமினியம் செம்பில் 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும், மடக்கினால் சீக்கிரம் ஒடியும். ஒரு துண்டு வாங்கி இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய காப்பர், தாராளமாக வாங்கலாம்.

இனி இணைப்பு. ஆம்ப்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு உட்காருங்கள். ஒயர் முனையில் 10 மில்லிமீட்டர் தோலை உரித்து, இழைகளை ஒரே திசையில் இறுக்கமாக முறுக்குங்கள். என் முதல் ஆம்ப்பை ஆன் செய்தபோது சத்தமே வரவில்லை, 'புரொடெக்ட்' விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமுடி போல ஒற்றைச் செம்பு இழை, சிவப்பு முனையிலிருந்து வளைந்து கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆம்ப்பில் அந்தப் பாதுகாப்பு இருந்ததால் தப்பியது. சில ஆம்ப்புகளில் இருக்காது. அதனால் திருகி முடித்ததும் ஒவ்வொரு முனையையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஆம்ப்பின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒயரின் ஒரு பக்கத்தில் கோடோ வரம்போ இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் மாறாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் மெலிந்துவிடும், குரல் நடுவில் நிற்காமல் எங்கிருந்தோ வருவது போல இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஆம்ப் பக்கத்து முனைகளைக் கழற்றி, கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போனால், 'டக்' என்ற சின்னச் சத்தத்தோடு பெரிய கூம்பு வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் எங்கோ மாறியிருக்கிறது.

ஆம்ப்புக்குள் வரும் கேபிள்

பிளேயரிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் சிவப்பு, வெள்ளை முனை கேபிள்தான் ஆர்சிஏ. அதில் சிவப்பு வலது, வெள்ளை இடது. 'ஃபோனோ' என்று எழுதிய துளை இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிளுக்கு மட்டும். சிடி பிளேயரை அதில் சொருகினால் கரகரவென்று அலறும். ஆர்சிஏ கேபிளைக் கரன்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டும் ஓர் இடத்தில் குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் சிலுவை மாதிரி குறுக்காகப் போகட்டும்.

கரன்ட்

நம் வீட்டு 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும். சாதாரண ஸ்டீரியோவுக்கு அது தாராளம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அதை ஒரே பாயின்ட்டில் கொடுங்கள். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் அந்த லைனில் வேண்டாம். ஆன் செய்யும்போது பிளேயர், டிவி முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். இல்லாவிட்டால் 'டப்' என்ற சத்தம் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரை அடிக்கும்.

'ம்ம்ம்' என்று இரைந்தால்

"ஆம்ப் பிளக்கில் இருக்கும் பெரிய எர்த் பின்னைக் கழற்றிவிடுங்கள், ஹம்மிங் போய்விடும்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஆம்ப்பின் இரும்பு உடம்பு அந்தப் பின்னோடுதான் இணைந்திருக்கிறது. உள்ளே ஃபேஸ் ஒயர் உடம்பைத் தொட்டால் கரன்ட் எர்த் வழியாக இறங்கி, ஃபியூஸோ டிரிப்பரோ விழும். பின் இல்லையென்றால் அது இறங்குவது வால்யூம் திருகியைத் தொடும் கை வழியாக. அந்தக் கை உங்கள் பிள்ளையுடையதாக இருக்கலாம். கம்பெனியே இரண்டு பின் பிளக்கோடு கொடுத்த ஆம்ப் வேறு. அதன் அமைப்பே அப்படி, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஹம்மிங்கைத் துரத்த வழி இருக்கிறது. வால்யூமைக் குறைத்து, ஆம்ப்பை அணைத்து, உள்ளே வரும் கேபிள்களை எல்லாம் கழற்றுங்கள். ஆன் செய்தால் அப்போதும் இரைகிறதா? கோளாறு ஆம்ப்பில், மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். நின்றுவிட்டதா? ஒவ்வொன்றாகச் சொருகி வாருங்கள், அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். எதைச் சொருகியதும் திரும்ப வருகிறதோ அதுதான் காரணம்.

என் அக்கா வீட்டில் அது டிவியில் போய் நின்றது. டிவியை ஆஃப் செய்தும் உறுமல் குறையவில்லை. செட்டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிள் டிவி ஒயரைத் திருகிக் கழற்றினேன், அந்த நொடியே அமைதி. அந்த ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் கரன்ட் அதில் சுற்றிக்கொண்டிருந்தது. டிவியிலிருந்து ஆம்ப்புக்குப் போன ஆர்சிஏவை எடுத்துவிட்டு ஆப்டிகல் கேபிள் போட்டோம். அதில் ஒளிதான் போகிறது, கரன்ட் போக உலோகமே இல்லை. வளையம் அறுந்தது.

'ம்ம்ம்' இல்லாமல் 'ஜ்ஜ்ஜ்' என்று கூர்மையாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பாருங்கள். முழு வேகத்தில் சத்தம் நின்றால் அது பழைய டிம்மர் வகை. 1, 2, 3 என்று நின்று நின்று திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாற்றினால் போய்விடும். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். கரன்ட் வரும்வரை ஆம்ப்பை அணைத்து வையுங்கள்.

கடைசியாக அறை

நடு அறையில் நின்று ஒரு தரம் பலமாகக் கைதட்டுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் என்றால் 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கனமான ஜமக்காளம் ஒன்றை விரித்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு மறுபடி தட்டுங்கள். வால் குட்டையாகியிருக்கும். இப்போது தபேலா உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, விரல் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.